ஒரே வேலை, வெவ்வேறு அனுபவம்: வீட்டு சர்வர்களும் யூனிக்ஸ் வழி இயங்குதளங்களும்

வீட்டில் ஒரு சர்வரை வைத்து நடத்தும் ஆர்வலர்களிடம் எந்த இயங்குதளம் நல்லது என்று கேட்டால், ஒன்றோடொன்று பொருந்தாத பதில்கள் வரும். யூனிக்ஸ் வழி வந்த இயங்குதளங்களில் ஒன்றான ஃப்ரீபிஎஸ்டியில் ஆண்டுக்கணக்காகத் தொல்லையே இல்லை என்பார் ஒருவர். அதே ஃப்ரீபிஎஸ்டியில் வைஃபை அட்டையை வேலை செய்ய வைக்க முடியாமல் லினக்ஸ் வகையான டெபியனுக்கு மாறியதாகச் சொல்வார் இன்னொருவர். ஃப்ரீபிஎஸ்டியின் உறவான ஓபன்பிஎஸ்டியின் கையேடுகளை வாயாரப் புகழும் ஒருவரே, தம் குடும்பப் படங்களை அதில் சேமிக்க மாட்டேன் என்பார். இவர்கள் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்: கோப்புகளைச் சேமிப்பது, வீட்டின் இணைய இணைப்புக்குக் காவல் வைப்பது, சில சிறிய சேவைகளை நடத்துவது. இவ்வளவு வேறுபாட்டையும் ரசனை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை அந்தந்த இயங்குதளம் பிறந்த விதத்திலும், அதன் பகுதிகளை யார் எப்படிச் சேர்த்துக் கட்டுகிறார்கள் என்பதிலும் வேர்கொண்டிருப்பது தெரியும். நிறுவும் நாளில் இவை எல்லாமே கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் தோன்றும். பதிப்பு மாறும் நாளிலும் வட்டு பழுதாகும் நாளிலும்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளிப்படுகிறது.

வழக்கு விட்டுச்சென்ற தடம்

யூனிக்ஸ் 1969இல் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோரின் கையில் உருவானது. 1956இல் அமெரிக்க அரசோடு ஏற்பட்ட சமரசத் தீர்ப்பின்படி அந்தத் தொலைபேசி நிறுவனம் கணினி வணிகத்தில் இறங்கக் கூடாது. ஆகவே யூனிக்ஸை அது கடைச் சரக்காக்காமல், பல்கலைக்கழகங்களுக்கு மூலநிரலோடு உரிமம் கொடுத்து வந்தது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அப்படிப் போன நிரலின் மேல் பில் ஜாயும் பிறரும் செய்த சேர்க்கைகள் 1978 முதல் பிஎஸ்டி என்ற பெயரில் வெளிவந்தன. 1983இல் வந்த 4.2பிஎஸ்டி, இன்று இணையம் முழுவதையும் தாங்கும் டிசிபி/ஐபி நெறிமுறைகளைத் தன்னுள் கொண்டிருந்தது. அடுத்த ஆண்டே ஏடி அண்ட் டி பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, பழைய தடையும் விலகியது. அதுவரை கைமாறிக்கொண்டிருந்த யூனிக்ஸ் நிரல் விலை மதிப்புள்ள சொத்தாகிவிட்டது.

பெர்க்லி குழுவினர் ஏடி அண்ட் டிக்கு உரிய பகுதிகளைத் தேடித் தேடி நீக்கி, அவற்றின் இடத்தில் புதிதாக எழுதிச் சேர்த்து, 1991இல் நெட்/2 என்ற வெளியீட்டைக் கொடுத்தனர். அதை அடிப்படையாகக் கொண்டு வில்லியம் ஜாலிட்ஸ், லின் ஜாலிட்ஸ் தம்பதியர் 1992இல் 386பிஎஸ்டியைச் சாதாரண மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தனர். அதே ஆண்டில் ஏடி அண்ட் டியின் துணை நிறுவனமான யூனிக்ஸ் சிஸ்டம் லேபரட்டரீஸ், பிஎஸ்டியை வணிகமாக விற்ற ஒரு சிறு நிறுவனத்தின் மீதும் தொடர்ந்து பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்தது. 1994இன் தொடக்கத்தில் அது சமரசத்தில் முடிந்தபோது, ஏறத்தாழ 18,000 கோப்புகளில் நீக்க வேண்டியிருந்தவை மூன்றே மூன்று. இன்னும் 70 கோப்புகளில் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்த்தால் போதுமானதாக இருந்தது.

சட்டப்படி அற்பமாக முடிந்த இந்த வழக்கு நடந்த காலம்தான் முக்கியமானது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கர்னல் (வன்பொருளை ஆளும் இயங்குதளத்தின் மையப் பகுதி), 1992இல் ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்துக்கு மாறியது; ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் அறிவித்த குனூ திட்டத்தின் கருவிகள் அதற்குத் தயாராகக் காத்திருந்தன; 1993இல் ஸ்லாக்வேரும் டெபியனும் தொடங்கப்பட்டன. வழக்கின் நிழல் படியாத ஓர் இயங்குதளம், வீட்டுக் கணினிகளில் 386 செயலி பரவிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கிடைத்தது. நெட்பிஎஸ்டியும் ஃப்ரீபிஎஸ்டியும் 1993இலேயே வந்துவிட்டாலும், வழக்கின் முடிவுக்குப் பிறகு 4.4பிஎஸ்டி-லைட் என்ற சுத்தமான அடித்தளத்தின் மீது அவை தம்மை மறுபடி கட்டிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆர்வலர்கள் லினக்ஸின் பக்கம் சேர்ந்தார்கள், அவர்களைத் தொடர்ந்து வன்பொருள் தயாரிப்பாளர்களும் சேர்ந்தார்கள். வழக்கு ஒன்றே காரணம் என்று சொல்வது மிகையாகும். லினக்ஸ் எல்லோருடைய திருத்தங்களையும் தயங்காமல் ஏற்றுக்கொண்ட விதமும் பெரிய காரணம். எப்படியாயினும், இன்று ஒரு புதிய வைஃபை சிப்பை இயக்கும் நிரலான டிரைவர் லினக்ஸில் முதலிலும் பிஎஸ்டிகளில் வெகு தாமதமாகவும் வருவதற்கான கணக்கு அந்த ஆண்டுகளில் தொடங்கியதுதான். சர்வர் கம்பி வழி இணைப்பில் இருக்கும் வீட்டில் இது உறைக்காது. மடிக்கணினியில் பிஎஸ்டியை முயன்று பார்ப்பவருக்குத்தான் முதல் நாளே உறைக்கும். முதல் பத்தியில் கண்ட இரண்டு ஃப்ரீபிஎஸ்டி அனுபவங்களும் முரண்படாமல் நிற்பது இப்படித்தான்.

முழுமையாகக் கட்டியதும் சேர்த்துக் கட்டியதும்

பிஎஸ்டி குடும்பத்தில் கர்னல், நிரல்கள் அதனோடு பேசப் பயன்படுத்தும் சி நூலகம், அடிப்படைக் கட்டளைகள், கையேட்டுப் பக்கங்கள் அனைத்தும் ஒரே மூலநிரல் மரத்தில், ஒரே குழுவின் பொறுப்பில் இருக்கின்றன. வெளியிலிருந்து நிறுவும் மென்பொருள்கள் தனியே ஒரு கோப்புறைக்குள் போய்விடும். ஆகவே எது இயங்குதளம், எது நாம் கொண்டுவந்து சேர்த்தது என்ற கோடு அழியாமல் இருக்கிறது. லினக்ஸில் டோர்வால்ட்ஸின் குழு தருவது கர்னல் மட்டுமே. அதனோடு குனூவின் சி நூலகத்தை அல்லது மஸ்ல் என்ற மாற்று நூலகத்தை, கணினி தொடங்கும்போது சேவைகளை எழுப்பும் சிஸ்டம்டி அல்லது வேறொரு தொடக்க நிரலை, நூற்றுக்கணக்கான பிற திட்டங்களை இணைத்து ஒரு வடிவம் கொடுப்பவர்கள் டெபியன், ஃபெடோரா, ஆர்ச், ஆல்பைன் போன்ற விநியோகக் குழுக்கள். இரண்டு முறைக்கும் நன்மை உண்டு. லினக்ஸின் முறை வேகத்தைத் தருகிறது. பிஎஸ்டியின் முறை, நேற்றுக் கற்றது நாளையும் செல்லும் என்ற நம்பிக்கையைத் தருகிறது.

வீட்டு சர்வருக்கு இந்த நம்பிக்கை ஏன் பெரிதாகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அலுவலகத்தில் சர்வரைக் கவனிப்பதற்கென்றே ஆட்கள் இருப்பார்கள். அவர்கள் தினமும் அதைத் தொடுவார்கள். வீட்டு சர்வர் நன்றாக ஓடும்வரை அதை யாரும் தொடுவதில்லை. ஆறு மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள் ஏதோ நின்றுபோகும். அப்போது அதன் உரிமையாளர் தாம் கட்டியதையே அந்நியரைப் போல நின்று படிக்க வேண்டியிருக்கும். அந்த இடைவெளிக்குள் பிணைய அமைப்புக்கான கட்டளை மாறியிருந்தால், பதிவுக் கோப்புகள் இருந்த இடம் மாறியிருந்தால், ஃபயர்வால் விதிகளின் எழுத்து முறையே மாறியிருந்தால், அவர் பழுதைத் தேடுவதற்கு முன் பாடத்தைப் புதிதாகப் படிக்க வேண்டும். லினக்ஸ் உலகில் கடந்த இருபதாண்டுகளில் இம்மூன்றுமே மாறியிருக்கின்றன. இவற்றில் பெரும் பூசலைக் கிளப்பியது சிஸ்டம்டி. 2010இல் தொடங்கிய அது 2015இல் வந்த டெபியன் 8இல் இயல்பான தொடக்க நிரலாயிற்று. அதை ஏற்காதவர்கள் டெவுவான் என்று தனியே பிரிந்தனர். சிஸ்டம்டி தொழில்நுட்ப நோக்கில் பல உண்மையான சிக்கல்களைத் தீர்த்தது என்பது என் கருத்து. ஆனால் ஆர்வலர்களின் கோபம் வெறும் பழமைப் பற்று அல்ல. ஓய்வு நேரத்தில் கற்றதை மறுபடி ஓய்வு நேரத்தில்தான் கற்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களின் கோபம் அது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ஓபன்பிஎஸ்டி ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிடுகிறது. கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தங்கள் தருகிறது. அதாவது ஆண்டுக்கு ஒரு முறையாவது பதிப்பை மாற்றாமல் பாதுகாப்பாக இருக்க முடியாது. 2019இல் வந்த 6.6 பதிப்பிலிருந்து ஒரே கட்டளையில் அந்த வேலை முடிந்துவிடுகிறது என்பதால் வழக்கமாகச் செய்பவர்களுக்கு இது சுமையாக இல்லை, மறந்துவிடுகிறவர்களுக்குச் சுமைதான். டெபியனின் நிலைத்த பதிப்பு சுமார் இரண்டாண்டுக்கு ஒரு முறை வந்து, நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஐந்தாண்டு தாங்குகிறது. வீட்டு சர்வர்களில் டெபியன் இவ்வளவு பரவியிருப்பதற்கு, அதில் புதுமை இல்லாததே காரணம் என்று சொன்னால் அதன் உருவாக்குநர்கள் வருத்தப்பட மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அன்றாடம் மாறிக்கொண்டே இருக்கும் ஆர்ச் போன்றவற்றை சர்வரில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அடிக்கடி தொடுகிறவர்களுக்கு அது ஒத்துவருகிறது, சில மாதங்கள் விட்டுவிட்டுத் தொடுகிறவர்களைத்தான் அது தண்டிக்கிறது.

சேர்த்துக் கட்டுவதன் விளைவு பாதுகாப்பில் எப்படி வெளிப்படும் என்பதற்கு 2024ஆம் ஆண்டு இரண்டு எடுத்துக்காட்டுகளைக் கொடுத்தது. மார்ச் இறுதியில், எக்ஸ்இசட் என்ற சுருக்க நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் திட்டமிட்டு நுழைக்கப்பட்ட ஒரு கள்ளவழி இருப்பதை ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் கண்டுபிடித்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக எடுத்துக்கொண்டதுதான் அவர் கண்ணில் பட்ட தடயம். குறி வைக்கப்பட்டது அந்த இணைப்பைத் தரும் ஓபன்எஸ்எஸ்எச் நிரல். ஆனால் ஓபன்எஸ்எஸ்எச்சுக்கும் எக்ஸ்இசட்டுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. சில விநியோகக் குழுக்கள் சிஸ்டம்டியோடு பேசுவதற்காக அதில் ஓர் ஒட்டுப் போட்டிருந்தன. அந்த ஒட்டு ஒரு நூலகத்தை இழுத்தது, அந்த நூலகம் எக்ஸ்இசட்டை இழுத்தது. டெபியனின் நிலைத்த பதிப்பை அது எட்டுவதற்கு முன்பே பிடிபட்டுவிட்டது. ஜூலை 1 அன்று ஓபன்எஸ்எஸ்எச்சிலேயே ஒரு பெரிய ஓட்டை அறிவிக்கப்பட்டது. குனூவின் சி நூலகத்தைப் பயன்படுத்தும் லினக்ஸ்களில் அது ஆபத்தாக இருந்தது. அந்த நிரலை எழுதியவர்களின் சொந்த இயங்குதளமான ஓபன்பிஎஸ்டியில் 2001லேயே செய்திருந்த ஒரு மாற்றத்தால் அது பலிக்கவில்லை. இவற்றைக் காட்டி பிஎஸ்டிகள் எப்போதும் பாதுகாப்பானவை என்று முடிவு கட்டுவது தவறு. லினக்ஸ் குழுக்கள் உடனுக்குடன் திருத்தம் வெளியிட்டன. ஆனால் ஒரு நிரலின் பெயர் ஒன்றாக இருப்பதால் அது எல்லா இடத்திலும் ஒரே நிரல் ஆகிவிடாது என்பதை வீட்டு சர்வர் வைத்திருப்பவர்களுக்கு இவ்விரண்டும் உணர்த்தின.

வட்டு பழுதாகும் நாள்

ஆர்வலர்களின் பேச்சில் வேறெதையும்விட அதிகமாக அடிபடும் பெயர் இசட்எஃப்எஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஏரன்ஸும் 2001இல் தொடங்கிய இந்தக் கோப்பு முறைமை, 2005இல் ஓபன்சோலாரிஸ் வழியாக மூலநிரலோடு வெளிவந்தது. பழைய கோப்பு முறைமைகள் வட்டை நம்பின. எழுதச் சொன்னதை அது எழுதியிருக்கும், படிக்கச் சொன்னதைச் சரியாகப் படித்துத் தரும் என்று எடுத்துக்கொண்டன. இசட்எஃப்எஸ் வட்டை நம்புவதில்லை. ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, அதைத் தொகுதியின் பக்கத்தில் வைக்காமல், அதைச் சுட்டும் மேல்தொகுதியில் வைக்கிறது. படிக்கும்போது கணக்கு பொருந்தாவிட்டால், இன்னொரு வட்டில் உள்ள கண்ணாடிப் பிரதியிலிருந்தோ, இழந்ததைக் கணக்கிட்டு மீட்க உதவும் இணைத்தகவலிலிருந்தோ சரியானதை எடுத்துக் கொடுத்து, கெட்டதையும் திருத்திவிடுகிறது. இருக்கும் தரவின் மேல் எழுதாமல் புதிய இடத்தில் எழுதிய பிறகே சுட்டியை மாற்றுவதால், நடுவில் மின்சாரம் போனாலும் பழைய நிலையோ புதிய நிலையோ முழுதாக இருக்கும். கோப்புகளின் அந்நேர நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்னாப்ஷாட்டை எடுப்பது ஏறக்குறைய செலவே இல்லாமல் நடப்பதும் இதனால்தான்.

பத்தாண்டு பழைய படங்களைச் சேமித்து வைப்பவருக்கு இதன் அருமை புரியும். யாரும் திறந்து பார்க்காத கோப்பில் ஒரு பிட் மாறினால், சரிபார்ப்பு எண் வைக்காத கோப்பு முறைமை அதைக் கண்டுபிடிக்காது; மாதத்துக்கு ஒரு முறை வட்டு முழுவதையும் இசட்எஃப்எஸ் தானே படித்துச் சரிபார்க்கும்படி அமைத்துவிடலாம். ஆனால் ஒற்றை வட்டில் அது பிழையைக் காட்டுமே தவிரத் திருத்தாது, ஏனென்றால் திருத்துவதற்கு இன்னொரு பிரதி அங்கே இல்லை. இதைக் கவனிக்காமல் ஒரே வட்டில் அமைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் பலர்.

இசட்எஃப்எஸ் பயணப்பட்ட பாதையும் ஆர்வலர்களின் அனுபவத்தைத் தீர்மானித்தது. பவெல் டாவிடெக் 2007இல் அதை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு வெளிவந்த 7.0 பதிப்பில் அது இடம்பெற்றது. 2010இல் ஆரக்கிள் சன் நிறுவனத்தை வாங்கியதும் ஓபன்சோலாரிஸ் நின்றுபோனது. அதுவரை வெளிவந்திருந்த மூலநிரலை எடுத்துக்கொண்டு இல்லுமோஸ் என்ற கிளை அதே ஆண்டில் பிறந்தது. வெவ்வேறு இயங்குதளங்களில் இருந்த இசட்எஃப்எஸ் குழுக்கள் 2013இல் ஓபன்இசட்எஃப்எஸ் என்ற பெயரில் கைகோத்தன. இதன் உரிமமான சிடிடிஎல், லினக்ஸ் கர்னலின் ஜிபிஎல்லோடு பொருந்தாது என்பதே பரவலான கருத்து. ஆகவே லினக்ஸில் அது கர்னலுக்கு வெளியேதான் வாழ்கிறது. கர்னல் புதுப்பிக்கப்பட்டு இசட்எஃப்எஸ் இன்னும் அதற்குத் தயாராகாத வாரத்தில் சர்வரை மறுதொடக்கம் செய்தவர்கள், தம் கோப்புகள் எதுவுமே தெரியாத திரையைக் கண்டு திடுக்கிட்டதுண்டு. தரவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பழைய கர்னலுக்குத் திரும்பினால் எல்லாம் தெரியும். ஆனாலும் அந்தத் திடுக்கிடலை ஃப்ரீபிஎஸ்டிகாரர்கள் அறிந்ததில்லை, அவர்கள் அதை நினைவூட்டவும் தவறுவதில்லை.

இசட்எஃப்எஸ்ஸைச் சுற்றி வளர்ந்த நம்பிக்கைகள் சிலவற்றைக் களைய வேண்டும். ஒரு டெராபைட்டுக்கு ஒரு ஜிகாபைட் நினைவகம் வேண்டும் என்ற விதி, பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் சர்வர்களை மனத்தில் வைத்து எழுந்தது. மூன்று பேர் படம் பார்க்கும் வீட்டில் எட்டு ஜிகாபைட்டோடு பெரிய வட்டுகள் நன்றாகவே ஓடுகின்றன. இசட்எஃப்எஸ் காலியாக இருக்கும் நினைவகத்தைத் தற்காலிகச் சேமிப்புக்கு எடுத்துக்கொள்வதைப் பார்த்து, அதைத் தின்றுவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. பிற நிரல்கள் கேட்டால் அது திருப்பிக் கொடுத்துவிடும். ஒரே தரவு இருமுறை எழுதப்படாமல் தடுக்கும் டீடியூப்ளிகேஷன் வசதிதான் உண்மையில் நினைவகத்தை விழுங்குவது, வீட்டில் அதை முடுக்கிவிடாமல் இருப்பது நல்லது. பிழைதிருத்தும் ஈசிசி நினைவகம் இல்லாமல் இசட்எஃப்எஸ் வைத்தால் எல்லாம் அழியும் என்பதும் மிகை. நினைவகப் பிழை எந்தக் கோப்பு முறைமையையும் கெடுக்கும், இசட்எஃப்எஸ் அதில் தனியாகப் பலவீனமானது அல்ல; ஈசிசி கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக இசட்எஃப்எஸ்ஸைக் கைவிட வேண்டியதில்லை.

ஆர்வலர்கள் உண்மையிலேயே அடிபட்ட இடம் வேறு. தடங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஓரளவு படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வட்டுகள், அப்படி என்று குறிப்பிடப்படாமலே வீட்டுச் சேமிப்பகங்களுக்கான வட்டு வரிசைகளில் விற்கப்பட்டு வந்தது 2020 ஏப்ரலில் வெளிப்பட்டது. சாதாரண நாளில் அந்த வட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரு வட்டு பழுதாகி, அதன் இடத்தில் புதியதைப் பொருத்தி, தரவு முழுவதையும் அதில் மறுபடி எழுதும்போது மட்டும் அவை திணறின. சில நேரம் இசட்எஃப்எஸ் அவற்றைப் பழுதானவை என்று தீர்மானித்து வெளியேற்றியது. பாதுகாப்பு எந்த நாளுக்காக ஏற்படுத்தப்பட்டதோ அந்த நாளில்தான் அது கைவிட்டது. இன்னொரு நீண்டகாலக் குறை, பல வட்டுகளை இணைத்தகவலோடு ஒன்றாகக் கட்டும் ராயிட்-இசட் தொகுப்பில் பிறகு ஒரு வட்டை மட்டும் சேர்த்து விரிவாக்க முடியாமல் இருந்தது. கையில் பணம் சேரச் சேர வட்டு வாங்கும் வீட்டுக்காரருக்கு அது பெரிய தடை. 2025 ஜனவரியில் வந்த ஓபன்இசட்எஃப்எஸ் 2.3இல்தான் அது நீங்கியது.

ஒரு ஃபயர்வாலின் வாரிசுகள்

வீட்டு சர்வர்களுக்கான ஆயத்த இயங்குதளங்களின் வரலாற்றைத் தேடிப் போனால், பல பாதைகள் 2003இல் மானுவேல் காஸ்பர் ஃப்ரீபிஎஸ்டியின் மேல் எழுதிய மோனோவால் (m0n0wall) என்ற சிறிய ஃபயர்வாலில் போய் முடிகின்றன. வலைப்பக்கம் வழியாகவே முழுவதையும் அமைக்கலாம் என்பது அதன் சிறப்பு. 2004இல் அதிலிருந்து பிஎஃப்சென்ஸ் கிளைத்தது. பிஎஃப்சென்ஸிலிருந்து 2015இல் ஓபிஎன்சென்ஸ் கிளைத்தது. காஸ்பர் அதே ஆண்டில் தம் திட்டத்தை முடித்துக்கொண்டார். இன்னொரு பக்கம், ஒலிவியே கொஷார்-லாபே 2005இல் அதே அடித்தளத்தை எடுத்துக் கோப்புச் சேமிப்புக்காக மாற்றியதுதான் ஃப்ரீநாஸ்.

ஃப்ரீநாஸின் கதை தனியே நின்று பார்க்கத் தக்கது. 2009இல் அதை டெபியனின் மேல் மாற்றி எழுதும் எண்ணம் எழுந்தது. ஃப்ரீபிஎஸ்டியை விட மனமில்லாதவர்களின் எதிர்ப்புக்குப் பிறகு ஐஎக்ஸ்சிஸ்டம்ஸ் நிறுவனம் அதைப் பொறுப்பேற்று ஃப்ரீபிஎஸ்டியிலேயே தொடர்ந்தது. டெபியன் வழியை விரும்பிய ஃபோல்கர் தைலே ஓபன்மீடியாவால்ட்டைத் தனியே உருவாக்கினார். பழைய நிரலின் தொடர்ச்சி நாஸ்4ஃப்ரீ என்றும் பிறகு சிக்மாநாஸ் என்றும் வாழ்ந்தது. ஆனால் 2022இல் ட்ரூநாஸ் ஸ்கேல் என்ற பெயரில் அதே நிறுவனத்தின் அடுத்த தலைமுறை டெபியனின் மேல்தான் வந்தது. புதிய வசதிகள் இப்போது அந்தப் பக்கமே போகின்றன. அன்று எதிர்க்கப்பட்ட முடிவு பதின்மூன்று ஆண்டு கழித்து நிறைவேறியதற்கான காரணம் கோப்புச் சேமிப்பில் இல்லை, ஒவ்வொரு சேவையையும் தனிப் பெட்டியில் அடைத்து ஓடவிடும் கன்டெய்னர்களில் இருக்கிறது.

ஒரே கர்னலின் மேல் நிரல்களைத் தனித்தனி அறைகளில் அடைக்கும் ஜெயில் என்ற வசதியை பால்-ஹென்னிங் காம்ப் எழுதி, 2000 மார்ச்சில் ஃப்ரீபிஎஸ்டி 4.0இல் வெளியிட்டார். லினக்ஸில் அதற்கு ஈடான கருவிகள் கர்னலில் சிறிது சிறிதாகச் சேர்ந்து, 2013இல் டாக்கர் வந்தபோதுதான் எல்லோர் கைக்கும் எட்டின. காலத்தால் முந்திய ஜெயில் ஏன் பின்தங்கியது? ஜெயில் அறையை மட்டுமே தந்தது. அறைக்குள் நிரலை நிறுவி அமைப்பது பயனரின் வேலையாக இருந்தது. டாக்கர் நிரலையும் அதன் தேவைகள் அனைத்தையும் ஏற்கெனவே அடைத்த பெட்டியாகக் கொடுத்தது. இன்று இம்மிச் போன்ற படச் சேமிப்பகங்களை எழுதுகிறவர்கள் லினக்ஸ் கன்டெய்னரையே முதல் வழியாகக் காட்டுகிறார்கள். ஃப்ரீபிஎஸ்டியில் அவை வேண்டும் என்றால், 2014 முதல் அதில் உள்ள பிஹைவ் வழியாக ஒரு லினக்ஸ் மெய்நிகர் கணினியை ஓடவிட்டு அதற்குள் வைப்பதே எளிய வழி. பலர் அப்படித்தான் செய்கிறார்கள்: சேமிப்பு ஒரு குடும்பத்திடம், சேவைகள் இன்னொரு குடும்பத்திடம்.

கன்டெய்னர் தந்த வசதியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பத்து வரிக் கோப்பு ஒன்றைப் படியெடுத்து ஓடவிட்டவருக்கு, உள்ளே எந்தத் தரவுத்தளம் எந்தப் பதிப்பில் இருக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அது பெரும் பதிப்பு மாறும் நாளில் தெரியாமல் இருக்கவும் முடியாது. மேசைக் கணினிக்கு முன் உட்கார்ந்து இரவு முழுக்கப் போராடி ஒரு மின்னஞ்சல் நிரலை நிறுவிய தலைமுறைக்கு, அந்தப் போராட்டமே பிறகு பழுதைக் கண்டுபிடிக்கும் அறிவாயிற்று. நிறுவும் நாளின் வலி குறைந்தது மறுக்க முடியாத நன்மை. குறைந்த வலி எங்கேயோ தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் என் ஐயம்.

எந்தக் கணினியில், எந்தக் கதவு வழியே

வன்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நாள் முழுவதும் ஓடும் கணினியில், முதல் செலவைவிட மின்சாரம்தான் பேசும். தொடர்ந்து 60 வாட் எடுக்கும் பழைய மேசைக் கணினி ஆண்டுக்கு 525 கிலோவாட் மணிக்கு மேல் எடுக்கும். 10 வாட்டில் ஓடும் சிறுகணினிக்கு 88 போதும். இதனால்தான் அலுவலகங்கள் கழித்துவிட்ட சிறிய பெட்டிக் கணினிகளை ஆர்வலர்கள் தேடி வாங்குகிறார்கள். 2012இல் வந்த ராஸ்பெரி பை இந்தப் பழக்கத்துக்குப் பலரை அறிமுகப்படுத்தியது, ஆனால் 2019இல் நான்காம் தலைமுறை வரும்வரை அதன் பிணைய இணைப்பு யுஎஸ்பி வழியாகவே சென்றதால் கோப்பு சர்வராக அது ஏமாற்றமே தந்தது; ஓயாமல் எழுதப்படும் எஸ்டி அட்டைகளும் சீக்கிரம் தேய்ந்துபோயின. பழைய மடிக்கணினியைப் பயன்படுத்துபவர்கள் அதன் பேட்டரி மின்தடையில் உதவும் என்று மகிழ்வார்கள். எப்போதும் மின்னேற்றத்திலேயே இருக்கும் பேட்டரி உப்பக்கூடும் என்பதையும் கவனித்துக்கொள்வது நல்லது.

வெளியிலிருந்து வீட்டு சர்வரை எட்டுவது இன்னொரு பாடம். இணையத்தில் கணினிகளை அடையாளம் காட்டும் ஐபிவி4 முகவரிகளின் மையக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துபோனது. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொதுமுகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டு, 2012இல் இதற்கென்றே ஒதுக்கப்பட்ட, 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கும் முகவரிகளை வீடுகளுக்குக் கொடுக்கின்றன. ரூட்டரில் எந்தப் போர்ட்டை (ஒரு சேவைக்கான எண்ணிட்ட வாசலை) திறந்தாலும் பயனில்லாமல் திகைப்பவர்கள் இத்தகைய எண்ணைப் பார்த்த பிறகே காரணத்தை உணர்கிறார்கள். முகவரிகளுக்குப் பஞ்சமில்லாத புதிய முறையான ஐபிவி6 முழுமையாகக் கிடைக்கும் இடத்தில் சிக்கல் தீர்ந்துவிடும். கிடைக்காத இடத்தில், 2020 மார்ச்சில் லினக்ஸ் 5.6இல் சேர்ந்த வயர்கார்டு என்ற மறையாக்கச் சுரங்க நிரலைக் கொண்டு வெளியே ஒரு சிறிய வாடகை சர்வருக்குச் சுரங்கம் அமைப்பதே பரவலான வழி. ஒருவிதத்தில் இந்தத் தடை நன்மை செய்தது. திறந்த போர்ட்டில் எஸ்எஸ்எச் வைத்தவர்கள், சில மணி நேரத்துக்குள் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்கும் முயற்சிகள் பதிவுக் கோப்பை நிறைப்பதைக் கண்டிருப்பார்கள். வீட்டிலிருந்து மின்னஞ்சல் அனுப்புவதை மட்டும் பெரும்பாலோர் கைவிட்டுவிட்டனர்: வீட்டு இணைப்புகளின் முகவரிகளையே பெரிய அஞ்சல் சேவைகள் நம்புவதில்லை, பல இணைப்புகளில் 25ஆம் போர்ட் அடைக்கப்பட்டிருக்கிறது.

ஒருவர் மட்டும் அறிந்த கணினி

ஆர்வலர்கள் குறைவாகப் பேசும் ஒரு பொருள் எஞ்சியிருக்கிறது. இந்த சர்வரைக் கட்டியவர் ஒருவர்; பயன்படுத்துபவர்கள் வீட்டில் உள்ள எல்லோரும். படங்களெல்லாம் அங்கே போய்விட்ட பிறகு, அது ஒருவரின் பொழுதுபோக்காக இருப்பது நின்று, அனைவரின் ஆவணக் காப்பகமாகிவிடுகிறது. கட்டியவர் நோயுற்றாலோ இறந்தாலோ, ராயிட்-இசட் தொகுப்பில் மறையாக்கத்தோடு கிடக்கும் தரவை யார் திறப்பார்கள்? ஸ்னாப்ஷாட் காப்பு நகல் ஆகாது, அதே வட்டுகளில்தான் அதுவும் இருக்கிறது என்பதை ஆர்வலர்கள் ஒருவருக்கொருவர் ஓயாமல் சொல்லிக்கொள்கிறார்கள். அதை உணர்ந்து, மாற்றங்களை மட்டும் இன்னொரு வீட்டில் உள்ள கணினிக்கு அனுப்பும் இசட்எஃப்எஸ் வசதியையும் அமைக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டாவது பிரதியும் அதே ஒருவருக்கு மட்டுமே படிக்கத் தெரிந்த மொழியில் இருக்கிறது.

ஆகவே அனுபவசாலிகளில் சிலர் ஒரு முரணான ஏற்பாட்டைச் செய்கிறார்கள். சரிபார்ப்பு எண்ணும் ஸ்னாப்ஷாட்டும் உள்ள முதன்மைச் சேமிப்பைத் தமக்காக வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு இரு முறை குடும்பப் படங்களையும் முக்கிய ஆவணங்களையும் மட்டும் ஒரு யுஎஸ்பி வட்டில் எக்ஸ்ஃபாட் முறையில், மறையாக்கம் இல்லாமல், சாதாரணக் கோப்புறைகளாகப் படியெடுத்து, வீட்டாருக்குத் தெரிந்த இடத்தில் வைத்துவிடுகிறார்கள். எக்ஸ்ஃபாட்டில் தரவின் பிழையைக் கண்டுபிடிக்க வழியில்லை, மின்தடையைத் தாங்கும் அமைப்பும் இல்லை. எந்த விண்டோஸ் கணினியிலும் எந்த மேக்கிலும் செருகியதும் திறக்கும் என்பதற்காகவே அது தேர்ந்தெடுக்கப்படுகிறது. அதோடு ஒரு தாளில் ரூட்டரின் கடவுச்சொல், களப்பெயருக்குப் பணம் கட்டும் கணக்கு, சர்வரை அணைத்துவிட்டு இணைய நிறுவனத்தின் ரூட்டரை நேரடியாக இணைக்கும் முறை ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருந்தால், அந்த வீட்டில் சர்வர் இல்லாமலும் மறுநாள் இணையம் இயங்கும்.